பேசிய நாவும் எழுதிய கையும்
தொடர்நாடக நடிகர் எழுத்தாளராகும்போது எழும் ஒரு விமரிசனப் பிரச்சினை

தொடர்நாடகம் ஒரு கலை வடிவமா என்ற கேள்வி எம்மிடையே எழுவதில்லை. விடை முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிட்டமையே அதற்குக் காரணம். வகுப்புக் கலந்துரையாடலொன்றில், நாடகம் பற்றிய கட்டுரைக்குத் தொலைக்காட்சித் தொடரொன்றை எடுத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டபோது நண்பர்கள் சிரித்தார்கள். "அது அம்மாமார் பார்ப்பதல்லவா?" என்றார் ஒருவர். அச்சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன். ஆயினும் அவ்வாக்கியம் பின்னர் என்னை உறுத்தத் தொடங்கிற்று. அது ஒரு கலை வடிவத்தின் மீது வழங்கப்பட்ட தீர்ப்பா, அன்றி எம் அம்மாமார் மீது வழங்கப்பட்ட தீர்ப்பா? அந்த உறுத்தலின் விளைவே இக்கட்டுரை.

தொடர்நாடகம் முழுவதையும் தூக்கி நிறுத்துவது எனது நோக்கமன்று. மிகக் குறுகியதொரு கேள்வியையே இங்கு எழுப்ப விரும்புகின்றேன். தொடர்நாடகத்தில் நடித்த ஒருவர் அதனை எழுதுபவராக மாறும்போது எதனைக் கொண்டுவருகின்றார்? அமெரிக்கத் தொடர்நாடக வரலாற்றிலே இவ்வாறு மாறிய இருவரைக் கொண்டு இதனை ஆராயலாம். ஒருவர் இர்னா பிலிப்ஸ். மற்றவர் டக்ளஸ் மார்லண்ட். ஒரே தொடரை, அதிலும் ஒரே கதையின் இரு பகுதிகளை, வெவ்வேறு காலங்களிற் கையாண்டவர்கள் என்பதாலேயே இவ்விருவரையும் தெரிந்துகொண்டேன்.

1. வடிவமும் தொழிலும்

ஆங்கிலத்தில் இவ்வடிவத்துக்கு வழங்கும் பெயரிலேயே சவர்க்காரம் இருக்கின்றது. 1930களில் அமெரிக்க வானொலியில் பகல் வேளையில் ஒலிபரப்பான குடும்பத் தொடர்களுக்குச் சவர்க்காரக் கம்பெனிகள் விளம்பரம் கொடுத்தன. புறொக்ரர் அன்ட் காம்பிள் போன்ற நிறுவனங்கள் விளம்பரத்தோடு நில்லாது தொடர்களையே உடைமையாக்கிக்கொண்டன. ஆகவே இது பிறப்பிலேயே வணிகத்தின் குழந்தை. இதை மறைப்பதிற் பயனில்லை.

எனினும் வணிகம் பெற்ற இக்குழந்தைக்கு வேறெந்தக் கலை வடிவத்துக்கும் இல்லாத ஓர் இயல்பு வாய்த்தது. அது முடிவதில்லை. நாவல் முடியும், மேடை நாடகத்துக்குத் திரை விழும். வாரத்துக்கு ஐந்து நாள், ஆண்டுக்கணக்காக நடைபெறும் தொடருக்கோ தொடக்கம் உண்டு, இடையும் உண்டு, இறுதி இல்லை. 1937இல் வானொலியில் தொடங்கி 1952இல் தொலைக்காட்சிக்கு மாறிய 'தி கைடிங் லைற்' 2009 வரை நீடித்தது. 1956 ஏப்ரல் 2ஆம் திகதி தொடங்கிய 'அஸ் த வேர்ள்ட் ரேர்ன்ஸ்' 2010 செப்ரெம்பர் வரை நடைபெற்றது. பின்னதனை 'உலகு சுழல்கையில்' என்று தமிழாக்கி இக்கட்டுரையில் வழங்குவேன்.

இத்தகைய நெடிய தொடரை ஒருவர் எழுதி முடித்தல் இயலாது. தலைமை எழுத்தாளர் பல மாதங்களுக்கான கதைப்போக்கை வகுப்பார். வேறு சிலர் அதனை நாள்தோறும் வரும் காட்சிகளாகப் பிரிப்பர். இன்னுஞ் சிலர் அக்காட்சிகளுக்கு உரையாடல் எழுதுவர். சில ஆண்டுகளில் தலைமை எழுத்தாளர் மாற்றப்படுவார். நடிகரோ நிலைத்திருப்பார். 'உலகு சுழல்கையில்' தொடரில் நான்சி ஹியூஸ் என்னும் தாயாக ஹெலன் வாக்னர் முதல் நாள் தோன்றினார். இடையிடையே விலகியிருந்த காலங்கள் நீங்கலாக, 2010இல் தாம் இறக்கும் ஆண்டு வரை அப்பாத்திரத்தையே அவர் தாங்கினார்.

இதன் விளைவு யாது? புதிதாக வரும் எழுத்தாளரைவிடப் பாத்திரத்தை நன்கு அறிந்தவர் நடிகரே. அந்நடிகருக்குச் சமமாக அறிந்தவர் வீட்டிலிருந்து பார்க்கும் பெண். நான்சி இவ்வாறு பேசமாட்டாள் என்று எழுத்தாளரைத் திருத்தும் தகுதி அவ்விருவருக்கும் உண்டு. பாத்திரத்தின் உடைமையாளர் எவர் என்ற பிரச்சினை இங்கேதான் தோன்றுகின்றது. நடிகராயிருந்து எழுத்தாளரானவர் இப்பிரச்சினையின் இரு கரைகளிலும் நின்றவர். அவரது எழுத்து எமது கவனத்துக்குரியதாவது அதனாலேயே.

2. எல்லாக் குரலும் தன் குரல்

இர்னா பிலிப்ஸ் 1901இற் சிக்காகோவிற் பிறந்தவர். ஓகையோ மாநிலத்தின் டெய்ற்றன் நகரில் ஆசிரியையாகப் பணியாற்றியபின் சிக்காகோவின் டபிள்யூ.ஜி.என். வானொலி நிலையத்தில் நடிகையாகச் சேர்ந்தார். 1930இல் அந்நிலையத்துக்காக அவர் எழுதிய 'பெயின்ரட் டிறீம்ஸ்' அமெரிக்க வானொலியின் முதலாவது பகல்நேரக் குடும்பத் தொடராகப் பொதுவாகக் கருதப்படுகின்றது. அதன் மையப் பாத்திரமான தாயாக நடித்தவரும் அவரே.

அத்தொடர் வெற்றி பெற்றபோது அதன் உரிமை எவருக்கென்ற வழக்கு எழுந்தது. அதனை உருவாக்கி, எழுதி, நடித்தவர் பிலிப்ஸ். சம்பளம் கொடுத்தது நிலையம். உரிமை நிலையத்துக்கே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அவர் அதற்கு முன்னரே விலகி, வேறொரு நிலையத்திற் புதிய தொடரைத் தொடங்கிவிட்டார். தன் வாயாற் பேசி உயிர்கொடுத்த பாத்திரம் தனக்கு உரியதன்று என்ற அனுபவத்தோடுதான் அவரது எழுத்து வாழ்வு ஆரம்பமாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

பிலிப்ஸ் கையால் எழுதியவரல்லர், சொல்லி எழுதுவித்தவர். அறையில் உலாவிக்கொண்டே ஒவ்வொரு பாத்திரத்தின் குரலிலும் மாறிமாறிப் பேசுவார். செயலாளர் அதனை எழுதிக்கொள்வார். 1940களின் முற்பகுதியில் ஐந்து தொடர்களை அவர் ஒரே காலத்தில் நடத்தியமை இம்முறையாலேயே சாத்தியமாயிற்று. நடிப்பை அவர் கைவிடவில்லை. ஒலிவாங்கியின் முன் ஒரு தாயாக நடித்தவர், எழுத்தாளரானபின் தாய், மகள், கணவன், வைத்தியர் எல்லாருமாகத் தனியறையில் நடித்தார்.

இதனால் அவரது தொடர்கள் பெற்ற நன்மை பெரிது. 'உலகு சுழல்கையில்' தொடங்கியபோது அதுவரை கால்மணி நேரமாயிருந்த தொலைக்காட்சித் தொடர் அரைமணி நேரமாயிற்று. கிடைத்த நேரத்தை அவர் சம்பவங்களால் நிரப்பவில்லை. குசினியிற் கோப்பி குடித்தபடி இருவர் பேசுவதற்கு அதனைக் கொடுத்தார். கணவனுக்குக் காலை வணக்கம் கூறும் மனைவியோடு ஒரு தொடரை ஆரம்பிக்கும் துணிவு, அவ்வணக்கத்தை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று அறிந்த நடிகைக்கே வரக்கூடியது.

ஆனால் இம்முறையின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். எல்லாக் குரலையும் தானே பேசியவருக்குப் பிறர் பேசுவது பிழையாகவே கேட்கும். தொடரின் தொடக்க காலத்தில் ஹெலன் வாக்னர் விலக்கப்பட்டமைக்கு, அவர் கோப்பி ஊற்றிய விதம் பிலிப்ஸுக்குப் பிடிக்காமற்போனதே காரணம் என்பது பலராலும் கூறப்படும் செய்தி. வாக்னர் பின்னர் மீள அழைக்கப்பட்டார். செய்தி நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். எனக்கோ அதில் ஓர் அவலம் தெரிகின்றது. பிலிப்ஸின் மனவரங்கில் நான்சி ஏற்கெனவே கோப்பி ஊற்றிவிட்டாள். வாக்னருக்கு எஞ்சியிருந்தது அதனைப் பிரதி செய்யும் வேலை மாத்திரமே. தன் பாத்திரத்தை ஒரு நிலையத்திடம் இழந்த நடிகை, எழுத்தாளரானபின் மற்றொரு நடிகையின் கையிலிருந்து பாத்திரத்தைப் பறித்துக்கொண்டார் என்றே கூறத் தோன்றுகின்றது.

3. பிறர் பேச இடம் விடுதல்

டக்ளஸ் மார்லண்ட் 1934இற் பிறந்தவர். நியூயோர்க் மாநிலத்தின் கிராமப்புறத்திலே கமத்தொழிற் சூழலில் வளர்ந்தவர். நடிகராகத் தொழிலைத் தொடங்கி, 'உலகு சுழல்கையில்' உட்படத் தொடர்நாடகங்களிற் சிறு பாத்திரங்களைத் தாங்கினார். 1970களில் 'அனதர் வேர்ள்ட்' தொடரின் தலைமை எழுத்தாளராயிருந்த ஹார்டிங் லெமே அவரை எழுத்துப்பணிக்கு அழைத்துக்கொண்டார். நடிகராயிருந்த ஒருவர் நுழைவதற்கு உரையாடல் எழுதும் பணியே இயல்பான வாயில். அங்கிருந்து அவர் தலைமை எழுத்தாளராக உயர்ந்தார். 'தி கைடிங் லைற்' தொடருக்காக 1981, 1982 ஆகிய ஈராண்டுகளிலும் அவரது குழுவினர் எமி விருது பெற்றனர். 1985இல் 'உலகு சுழல்கையில்' தொடரின் தலைமை எழுத்தாளராகி, 1993இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார்.

தொடரொன்றைக் கெடுக்காமலிருக்க விரும்பும் எழுத்தாளருக்கென அவர் வகுத்த விதிகள் சில அத்தொழிலிற் பிரசித்தமானவை. தொடரைப் பார், அதன் பழைய வரலாற்றைப் படி, பார்வையாளரின் கடிதங்களை வாசி, நடிகரோடு பேசு, அடிப்படைப் பாத்திரங்களின் குணத்தை மாற்றாதே, புதியவர்களை மெல்ல மெல்லக் கொண்டுவா, வந்து ஆறு மாதம் ஆகும்வரை எவரையும் வேலையிலிருந்து நீக்காதே. அவற்றின் சாரம் இவ்வாறு அமையும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இவை அலுவலக நிருவாகி ஒருவரின் அறிவுரைகள் போன்றிருக்கும். சிறு பாத்திரத்தில் நடித்த ஒருவரின் நிலையில் நின்று வாசித்தால் வேறு பொருள் தரும். புதிய எழுத்தாளர் வருகிறார் என்றதும் தன் பெயர் பிரதியில் இருக்குமோ இராதோ என அஞ்சிய ஒருவரால்தான் ஆறு மாதம் என்ற தவணையை நினைக்க முடியும். கோப்பி ஊற்றியதற்காக ஒருவர் விலக்கப்பட்ட அதே தொடருக்கே அந்த விதியை எழுதியவர் பின்னர் வந்து சேர்ந்தார் என்பது வரலாற்றின் விந்தை.

விதிகள் படைப்பாக மாறியமைக்கு ஓர் உதாரணம் காட்டலாம். 1988இல் ஹாங்க் எலியட் என்னும் ஆடை வடிவமைப்பாளரை மார்லண்ட் தொடரிற் கொண்டுவந்தார். அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களில் இடம்பெற்ற முதலாவது தற்பாலின ஆண் பாத்திரம் இதுவே எனப்படுகின்றது. ஹாங்க் முதலில் ஒரு நல்ல நண்பனாகவும் திறமையான தொழிலாளனாகவும் அந்த ஊருக்கு அறிமுகமானான். பார்வையாளர் அவனை விரும்பிய பின்னரே அவனைப் பற்றிய உண்மை வெளிப்பட்டது. புதியவர்களை மெல்லக் கொண்டுவருதல் என்ற தொழில்விதி இங்கே ஓர் அறமாகின்றது. மனிதனை முதலிற் காட்டிப் பின்னர் அவனுக்குச் சமூகம் இட்டுள்ள பெயரைக் காட்டும்போது, அப்பெயரின் வலிமை குன்றிவிடுகின்றது.

குறைகளும் உண்டு. தன் இளமைச் சூழலிலிருந்து மார்லண்ட் படைத்த ஸ்னைடர் என்னும் கமக்காரக் குடும்பம் வறுமையை அறிந்தது. எனினும் அக்குடும்பத்தின் குசினி எப்போதும் ஆறுதல் தரும் இடமாகவே காட்டப்படுகின்றது. நிலமும் கடனும் மனிதரை எவ்வாறு பிளவுபடுத்தும் என்பதை, யாழ்ப்பாணத்துக் காணி வழக்குகளைக் கேட்டு வளர்ந்த எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1980களில் அமெரிக்கக் கமக்காரர் பலர் கடனால் நிலத்தை இழந்தனர். அக்காலத்தில் எழுதப்பட்ட கமக்காரக் குடும்பக் கதை என்பதை நினைக்கும்போது, அந்த ஆறுதலில் விளம்பரதாரரின் விருப்பமும் கலந்திருப்பதாக ஐயுற வேண்டியிருக்கின்றது.

4. இறந்ததாகச் சொல்லப்பட்ட குழந்தை

இவ்விருவரும் சந்திக்கும் கதைக்கு இப்போது வருவோம்.

1972இல் பிலிப்ஸ் 'உலகு சுழல்கையில்' தொடருக்குக் கிம் என்னும் பாடகியைக் கொண்டுவந்தார். கிம்மின் சகோதரி ஜெனிபர்; அவளது கணவன் பொப் ஹியூஸ், நான்சியின் மகன். கிம்முக்கும் பொப்புக்கும் உறவு ஏற்படுகின்றது, கிம் கருவுறுகின்றாள். பிறந்த குழந்தை இறந்துவிட்டதாகக் கதை செல்கின்றது. கிம்மைத் தன் சாயலாகவே பிலிப்ஸ் கருதினார். இளமையில் ஒருவராற் கைவிடப்பட்டு, இறந்து பிறந்த ஒரு குழந்தைக்குத் தாயானவர் அவர் என்பதை அறியும்போது, அச்சாயலின் ஆழம் விளங்கும். தனியறையிற் பல்லாயிரம் பக்கங்களைப் பல குரல்களிற் பேசியவர், வாழ்வின் இறுதியில் தன் சொந்தக் குரலிற் பேச முயன்றிருக்கின்றார்.

பார்வையாளர் அதனை ஏற்கவில்லை. சகோதரியின் கணவனை விரும்பியவளை எதிர்த்தனர். பொப் இவ்வாறு செய்யக்கூடியவனல்லன் என்பதும் அவர்களது முறைப்பாட்டின் ஒரு பகுதியாயிருந்திருத்தல் வேண்டும். ஏனெனில் அவர்கள் அவனைப் பல ஆண்டுகளாக அறிந்தவர்கள். 1973இற் பிலிப்ஸ் தான் படைத்த தொடரிலிருந்தே விலக்கப்பட்டார். அவ்வாண்டு டிசெம்பரில் அவர் காலமானார்.

மார்லண்ட் 1985இல் வந்தபோது கிம்மாக கத்தரின் ஹேய்ஸும் பொப்பாக டொன் ஹேஸ்ரிங்ஸும் இன்னும் நடித்துக்கொண்டிருந்தனர். பாத்திரங்கள் கணவன் மனைவியராகிவிட்டனர். பழைய கதையை மறந்துவிடுதல் எளிது. பல எழுத்தாளர்கள் அதனையே செய்திருப்பர். மார்லண்ட் அக்குழந்தையை மீட்டெடுத்தார். அது இறக்கவில்லை, வேறொரு குடும்பத்தில் இங்கிலாந்தில் வளர்ந்து, சப்ரீனா என்னும் இளம்பெண்ணாக வருகின்றது. பொப்புக்கும் ஜெனிபருக்கும் பிறந்த பிரானி என்னும் மகளாக அப்போது நடித்தவர் ஜூலியன் மூர். சப்ரீனாவாகவும் அவரே நடித்தார். ஒரே முகம், ஒன்று அமெரிக்கப் பேச்சு, மற்றொன்று ஆங்கிலேயப் பேச்சு. 1988இல் மூருக்குப் பகல்நேர எமி விருது கிடைத்தது. அவர் பின்னாளிற் புகழ்பெற்ற திரைப்பட நடிகையானதைப் பலரும் அறிவர்.

குழந்தை மாறிப்போன கதை புதியதன்று. எமது பழைய திரைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு அது சலித்துப்போன உத்தியாகவே தோன்றும். உத்தியை நான் பாராட்டவில்லை. அவ்வுத்தி எவருக்கு எதைக் கொடுத்தது என்பதே எனது கேள்வி. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் தாம் நடித்த துயரத்தை, வயது முதிர்ந்த முகங்களோடு மீண்டும் நடிக்கும் வாய்ப்பை அது ஹேய்ஸுக்கும் ஹேஸ்ரிங்ஸுக்கும் கொடுத்தது. ஓர் இளம் நடிகைக்குத் தன்னோடு தானே பேசும் சவாலைக் கொடுத்தது. 1973இல் அழுதவளுக்கும் கோபித்தவளுக்கும், அவர்கள் நினைவில் வைத்திருந்தது வீண்போகவில்லை என்ற உறுதியைக் கொடுத்தது. ஒரு நாவலாசிரியரால் இதனைச் செய்ய இயலாது. எழுத்தில் முதுமையை வருணிக்கலாம். இங்கோ ஒரே உடல் பார்வையாளரின் கண்முன்னே உண்மையாகவே முதிர்ந்திருக்கின்றது. முடிவற்ற வடிவத்துக்கு மட்டுமே உரிய அழகு இதுவெனத் துணிந்து கூறலாம்.

பிலிப்ஸ் அக்கதையைத் தனக்காக எழுதினார். மார்லண்ட் அதனை நடிப்பவர்க்காக எழுதினார். இவ்வேறுபாட்டைக் கொண்டு முன்னவரைத் தாழ்த்துதல் நியாயமன்று. பிலிப்ஸின் தனிமையான துணிவு இல்லையேல் மார்லண்ட் மீட்பதற்கு எதுவும் இருந்திராது. நடிப்பனுபவம் எழுத்தாளருக்கு இருவேறு வழிகளைத் திறக்கின்றது என்பதே நாம் பெறும் முடிவு. எல்லாப் பாத்திரங்களையும் தானே நடித்துவிடுவது ஒரு வழி. அதிற் குரலுக்கு உயிர் உண்டு, பிறருக்கு இடமில்லை. நடிப்பவரின் அச்சத்தையும் ஆற்றலையும் நினைந்து சொற்களுக்கிடையே இடம் விடுவது மற்றொரு வழி. அதில் எழுத்தாளரின் கை மறையும், பாத்திரம் நீடிக்கும்.

5. எம்மவர் நிலை

இச்செய்தி எமக்கு அந்நியமானதன்று. இலங்கை வானொலியில் சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' தொடரில் நடித்த கே. எஸ். பாலச்சந்திரன், தாமே 'கிராமத்துக் கனவுகள்', 'வாத்தியார் வீட்டில்' முதலிய தொடர்களை எழுதினார். ஒலிவாங்கியின் முன் பேசிப் பழகிய யாழ்ப்பாணத்துப் பேச்சு, கூச்சமின்றிப் பிரதியில் ஏறியது. எனது பாட்டி அத்தொடர்களின் பாத்திரங்களைத் தூரத்து உறவினரைப் பற்றிப் பேசுவதுபோல் இன்றும் பேசுவார். இன்று எமது வீடுகளில் மாலைதோறும் ஓடும் தொடர்களிற் பெரும்பாலானவை தமிழகத்தில் உருவானவை. அவற்றின் தரம் எவ்வாறாயினும், அவற்றில் வரும் தாய் என் அம்மா பேசுவதுபோற் பேசுவதில்லை. இக்குறை வெறும் நிந்தனையால் நீங்காது. எம் பேச்சை நடித்துப் பழகியவர்கள் எழுதவும் முன்வரும்போதுதான் நீங்கும்.

இதில் விமரிசகருக்கும் ஒரு பங்குண்டு. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துக்களைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோது, ஏடறிந்தவர்களோடு ஆடலறிந்த அண்ணாவிமாரும் கலைஞராக மதிக்கப்பட்டனர். ஆடியவர் அறிவும் அறிவே என்பதை ஒருமுறை ஏற்றுக்கொண்ட மரபு எங்களுடையது. அதே மதிப்பைத் தொடர்நாடகப் பிரதிக்கு வழங்க நாம் தயங்குவதேன்? பழைய வானொலிப் பிரதிகளைத் தேடித் தொகுத்தலும், அவற்றில் நடித்தவர்களையும் கேட்டவர்களையும் கண்டு உரையாடுதலும் எம்போன்ற மாணவரால் இயலாத காரியங்களல்ல. நடித்தவர்களும் கேட்டவர்களும் முதுமையடைந்து வருகின்றனர். காலம் தாழ்த்த முடியாது.

அம்மாமார் பார்ப்பதுதான். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பாத்திரம் சொன்ன சொல்லை நினைவில் வைத்திருந்து, இன்று அதே பாத்திரம் அதற்கு மாறாகப் பேசும்போது பிழை காண்பவர்களும் அவர்களே. நாம் விமரிசனம் என்று எதனைக் கற்கின்றோமோ, அதனை அவர்கள் அடுப்படியில் நின்று செய்துகொண்டிருக்கின்றனர். எனது முதலாவது உசாத்துணையை அங்கிருந்தே தொடங்க எண்ணியுள்ளேன்.